கல்லடியில் ஸ்பீட் ஸ்கேட்டிங் கழகம் தொடங்க நினைக்கிறோம். வேரோடிய ஊர்களில் இதை யார் தாங்குகிறார்கள்?

டச்பார்_அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசித்துப் பதில் தாருங்கள்.

கல்லடி, டச்பார், நாவலடிப் பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் விடியற்காலையில் கடற்கரைப் பக்க வீதியில் ரோலர் ஸ்கேட் ஓடுகிறார்கள். என் மூத்த மகளும் அதில் ஒருத்தி. வெளிநாட்டில் இருந்து சித்தி அனுப்பிய ஒரு சோடி, கொழும்பில் இருந்து யாரோ கொண்டுவந்த இன்னொரு சோடி, இப்படித்தான் சேர்ந்தது. சோடி இல்லாத பிள்ளை முறை வரும்வரை கரையில் நிற்கும். இப்போது இவர்கள் சும்மா சுற்றித் திரிவதில்லை, நேரம் பார்த்து ஓடுகிறார்கள். ஒரு லைட் போஸ்டில் இருந்து இன்னொரு லைட் போஸ்ட் வரைக்கும் போனில் நேரம் பிடித்து, ஒரு கொப்பியில் கோடு கிழித்துப் பெயர், திகதி, செக்கன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதற்குக்கூட ஒரு நிரல் இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவர்களாகவே செய்தது. அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகுதான் இதை ஒழுங்கான கழகமாக ஆக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

ஆனால் ஊரில் வாய் திறந்தால் வருகிற பதில் எல்லாம், இது பனி நாட்டு விளையாட்டு, நமக்கு எதற்கு, இல்லையென்றால் காசுக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, அதுவும் இல்லையென்றால் பெண்பிள்ளை விழுந்து முகத்தில் தழும்பு விழுந்தால் யார் பொறுப்பு என்பதுதான். இடம் கேட்டு ஓர் அலுவலகத்தில் கடிதமும் கொடுத்தேன். எந்த விளையாட்டின் கீழ் இதைப் பதிவது என்று தெரியாமல் அது மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்கிறது.

எனக்கு ஒரு நினைப்பு. மட்டக்களப்புக்குக் கூடைப்பந்தும் ஒரு காலத்தில் புதுசுதான். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸில் இருந்து வந்த யேசு சபைப் பாதிரிமார்தான் புனித மிக்கேல் கல்லூரியில் அதை ஊன்றினார்கள். அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரில் இன்றைக்கு மைதானமே இருக்கிறது. இப்போது கூடைப்பந்தை யாராவது வெளிநாட்டு விளையாட்டு என்று சொல்கிறார்களா? பிள்ளை பந்தைத் தூக்கிக்கொண்டு போனால் எந்தத் தாயும் ஏன் என்று கேட்பதில்லை. ஆகவே ஒரு விளையாட்டு ஓர் ஊரில் வேர் பிடிக்கலாம், அதற்கு நம் ஊரே சாட்சி.

என் கேள்வி இதுதான். ஸ்பீட் ஸ்கேட்டிங், அதாவது ஐஸிலோ சக்கரத்திலோ நேரம் பார்த்து வேகமாகச் சறுக்கி ஓடுகிற இந்த விளையாட்டு, தலைமுறை தலைமுறையாக ஓடுகிற ஊர்களில் அதைத் தாங்கிப் பிடிப்பது யார்? அரசாங்கமா, கொம்பனிகளா, ஊர்ச் சனமா? ஒல்லாந்து, கனடாப் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் கிட்ட இருந்து பார்த்திருந்தால் எழுதுங்கள். பனியே விழாத ஊரில் இது நடந்திருக்கிறதா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கல்லாறு_டு_ஹீரன்வேன்:

அண்ணன், வணக்கம். நான் பெரியகல்லாறு. இப்போது இருப்பது ஒல்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லான்ட் மாகாணத்தில், ஹீரன்வேனுக்குப் பக்கத்தில். ஸ்பீட் ஸ்கேட்டிங்குக்கு இதைவிட ஆழமாக வேரோடிய இடம் உலகத்தில் இல்லை என்று தைரியமாகச் சொல்வேன், அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

இங்கே எல்லாவற்றுக்கும் தாய் மாதிரி இருப்பது எல்ஃப்ஸ்டேடன்டொக்ட். பதினொரு நகரங்களின் ஓட்டம். லேயூவார்டனில் தொடங்கி, உறைந்த கால்வாய், ஏரி வழியாக ஃபிரீஸ்லான்டின் பதினொரு நகரங்களையும் சுற்றிக்கொண்டு திரும்ப லேயூவார்டனுக்கே வர வேண்டும், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். ஒழுங்குபடுத்தி நடத்தத் தொடங்கியது 1909இல். வழி நெடுக ஐஸ் 15 சென்டிமீட்டர் தடிப்பு இருந்தால்தான் நடக்கும், அதனால் இத்தனை காலத்தில் மொத்தம் 15 முறைதான் நடந்திருக்கிறது. கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4ஆம் திகதி.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய சங்கதி. அதற்குப் பிறகு நடக்கவே இல்லை, ஆனால் அதை நடத்துகிற சங்கம் கலையவில்லை. பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். குளிர் இறங்கினால் அவர்தான் தன் பகுதியில் துளை போட்டு ஐஸின் தடிப்பை அளப்பார். எந்தப் பாலத்தடியில் ஐஸ் பிந்திப் பிடிக்கும், எந்த வளைவில் நீரோட்டம் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பலவீனமான இடத்தில் ஓடுபவர்கள் கரையேறி, காலில் ஐஸ் சப்பாத்தின் கத்தியோடேயே கொஞ்சத் தூரம் நடந்து, மறுபடி இறங்க வேண்டும். கத்தி மழுங்கக் கூடாது என்று அந்த நடை நீளத்துக்கும் கம்பளம் விரிப்பார்கள். அப்படி நடப்பதற்கு இவர்களிடம் தனியாக ஒரு வினைச்சொல்லே இருக்கிறது என்றால் பாருங்கள். நம் பக்கம் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிற சாமிமாருக்கு ஊர் ஊராகத் தண்ணீரும் சோறும் கொடுப்பார்களே, அந்த மாதிரித்தான் இங்கே சனம் இதைப் பார்க்கிறது. ஓடுகிறவனுக்கு மட்டும் சொந்தமில்லை, வழியில் நிற்கிறவனுக்கும் சொந்தம்.

வென்றவர்களைப் பாருங்கள். 1985, 1986 இரண்டு முறையும் எவர்ட் வான் பென்தெம், மாட்டுப் பண்ணைக்காரர். 1997இல் ஹெங்க் ஆங்கனென்ட், குட்டிக் கோவா மாதிரி ஒரு மரக்கறி இருக்கிறதே, அதைப் பயிரிடுகிறவர். 1986இல் இப்போதைய அரசர் வில்லம் அலெக்ஸாண்டர், அப்போது இளவரசர், வான் பியூரன் என்று வேறு பெயரில் பதிந்து ஓடி முடித்தார். 1963 ஓட்டம் தனிக்கதை. பனிப்புயல், கடுங்குளிர், போட்டிப் பிரிவில் வென்ற ரெய்னியர் பாப்பிங்குக்கே கிட்டத்தட்ட 11 மணித்தியாலம் பிடித்தது. பொதுமக்கள் பிரிவில் பத்தாயிரத்துக்குக் கிட்டப் பேர் கிளம்பி, கடைசிவரை வந்து சேர்ந்தது 69 பேர். அதை இன்றைக்கும் தாத்தாமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

சரி, இது பெரிய ஓட்டம். ஆனால் விளையாட்டை உயிரோடு வைத்திருப்பது இது இல்லை, கிராமத்து ஐஸ் கழகங்கள்தான். எங்கள் கிராமத்திலும் ஒன்று இருக்கிறது. அவர்களிடம் இருக்கிற சொத்து ஒரு புல்வெளி, ஒரு சின்னக் கொட்டில், ஒரு தண்ணீர்ப் பம்பி, அவ்வளவுதான். குளிர் வரும் என்று வானிலை சொன்னால் புல்வெளியில் மெல்லிசாகத் தண்ணீர் பாய்ச்சுவார்கள், இரவில் உறையும், விடியப் பிள்ளைகள் சமையலறைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சின்னப் பிள்ளை கதிரையின் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுதான் சறுக்கப் பழகும். கொட்டிலில் யாராவது ஓர் அம்மா சூடான சொக்லேட் பாலும் பட்டாணி சூப்பும் விற்பார். உறுப்பினர் பணம் மிகச் சின்னத் தொகை, அதை ஐஸே பிடிக்காத வருடத்திலும் சனம் கட்டுகிறது. நாடு முழுவதும் இப்படித்தான். நூர்ட்லாரன், ஹாக்ஸ்பெர்கன், வின்டர்ஸ்வைக் மாதிரிச் சின்ன ஊர்கள், வருடத்தின் முதல் இயற்கை ஐஸ் மரதனை நாங்கள்தான் நடத்துவோம் என்று ஒன்றோடொன்று போட்டி போடும். அதற்கு 3 சென்டிமீட்டர் ஐஸ் போதும். அந்த 3 சென்டிமீட்டருக்காக இரவிரவாக விழித்திருந்து தண்ணீர் தெளிப்பார்கள். சம்பளம் கிடையாது.

கொம்பனிகளா என்று கேட்டீர்கள். ஒல்லாந்தின் ஸ்கேட்டிங் சம்மேளனம் 1882இல் தொடங்கியது. உலக ஸ்கேட்டிங் சங்கத்தைத் தொடங்கியதும் ஒல்லாந்து மண்ணில்தான், 1892இல் ஸ்கேவெனிங்கனில். கொம்பனிப் பணத்தில் தனி அணி என்று ஒன்று வந்தது 1990களின் நடுவில், லெமர் ஊர்க்காரர் ரின்ட்யே ரிட்ஸ்மா தொடங்கி வைத்தது. நூறு வருடத்துக்கும் மேலாகக் கழகங்கள் தூக்கிச் சுமந்த பிறகுதான் கொம்பனி கண் திறந்தது. ஹீரன்வேனின் தியால்ஃப் அரங்கம்கூட 1967இல் திறந்தவெளிப் பாதையாகத்தான் வந்தது, கூரை போட்டது 1986இல். நான்கு ஒலிம்பிக் தங்கம் எடுத்த ஸ்வென் கிராமர் ஹீரன்வேனில் பிறந்தவர், அவருடைய அப்பா யெப் கிராமரும் ஸ்பீட் ஸ்கேட்டர். நான் தியால்ஃபுக்குப் போகிற நாட்களில் கடைசியாக வருகிற பிள்ளைக்கும் எழுந்து கைதட்டுகிற கிழவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் சுற்று நேரத்தைக்கூட அவர்கள் பென்சிலால் குறித்து வைக்கிறார்கள். உங்கள் மகளின் கொப்பியைப் பற்றி வாசித்ததும் எனக்கு அவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

இன்னும் ஒன்று. கோடையில் இவர்கள் சும்மா இருப்பதில்லை, அதே ஆட்கள் சக்கரம் பூட்டிய இன்லைன் சப்பாத்தில் வீதியில் பயிற்சி எடுக்கிறார்கள். ஆகவே உங்கள் பிள்ளைகள் ஓடுவது வேறு எதுவும் இல்லை, இவர்களுடைய கோடைகால விளையாட்டுத்தான்.


வாழைச்சேனைப்_பொடியன்:

அண்ணன், கோபிக்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் புட்போல் ஆடுகிற பொடியன்களுக்கே ஒழுங்கான பூட்ஸ் இல்லை. ஓட்டம் ஓடுகிற பிள்ளைகள் வெறுங்காலோடு மாகாண மட்டம் வரை போகிறார்கள். இருக்கிற விளையாட்டுக்கே காசும் இடமும் காணாத இடத்தில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் இருக்கிற கொஞ்சமும் பிரிந்து போகாதா? ஒல்லாந்துக்காரருக்குக் கால்வாய் வீட்டு வாசலில் இருக்கிறது, தானாக உறைகிறது. எங்களுக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்குவதே ஒரு மாதச் சாமான் காசு.


காரைதீவு_பீரீ_சேர்:

தம்பி கேட்பது நியாயமான கேள்வி, அதைத் தாண்டிப் போகக் கூடாது. கடைசியில் வருகிறேன். முதலில், பனியே விழாத ஊரில் நடந்திருக்கிறதா என்ற கேள்விக்கு.

நடந்திருக்கிறது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் நடுவே ஒக்காலா என்று ஓர் ஊர். குதிரைப் பண்ணைகளுக்குப் பேர்போன, நம் ஊர் மாதிரி வெயில் கொளுத்துகிற இடம். அங்கே ரெனே ஹில்டெபிராண்ட் என்ற பயிற்றுநர் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்லைன் ஸ்பீட் ஸ்கேட்டிங் பழக்கினார். அவரிடம் பழகிய மூன்று பேர், எரின் ஜாக்சன், பிரிட்டனி போவ், ஜோயி மான்டியா, மூவரும் பின்னால் ஐஸுக்கு மாறி ஒலிம்பிக் போனார்கள். ஜாக்சன் 2018 ஒலிம்பிக் அணியில் இடம் பிடித்தபோது ஐஸில் பயிற்சி எடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 2022 பெய்ஜிங்கில் பெண்கள் 500 மீட்டரை 37.04 செக்கனில் ஓடித் தங்கம் எடுத்தார். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

அந்தத் தங்கத்துக்குப் பின்னால் இருக்கிறதை நான் என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். பெய்ஜிங்குக்கான அமெரிக்கத் தெரிவுப் போட்டியில் ஜாக்சன் கால் தடுமாறி மூன்றாவதாக வந்தார். இருந்ததோ இரண்டு இடம். அந்தப் போட்டியில் முதலாவதாக வந்தது பிரிட்டனி போவ், அதே ஒக்காலாக்காரி, சின்ன வயதில் இருந்து ஒன்றாகப் பழகியவர். அவர் தன் 500 மீட்டர் இடத்தை ஜாக்சனுக்கு விட்டுக் கொடுத்தார். பிறகு அமெரிக்காவுக்கு இன்னொரு இடம் கிடைத்து போவும் அந்தப் போட்டியில் ஓடினார், அது அவர் விட்டுக் கொடுத்த நேரத்தில் யாருக்கும் தெரியாத விஷயம். ஒரே வாத்தியாரிடம் ஒரே தரையில் விழுந்து எழும்பிய பிள்ளைகளுக்கு இடையில்தான் இப்படி ஒரு பிடிப்பு வரும்.

கிட்டவும் உதாரணம் இருக்கிறது. சென்னைப் பொடியன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த இன்லைன் ஸ்பீட் ஸ்கேட்டிங் உலக வாகையர் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் எடுத்தார், அதே தொடரில் 42 கிலோமீட்டர் மரதனிலும் தங்கம். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில் இந்திய ஆண்கள், பெண்கள் அணி இரண்டுக்கும் வெண்கலம். பெண்கள் அணியில் இருந்த ஆரத்தி கஸ்தூரிராஜும் சென்னைதான். நம் மொழி பேசுகிற பிள்ளைகள், நம்மைப் போலவே வெயிலில் வேகிறவர்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். வளைவில் சரிவு வைத்துக் கட்டுகிற 200 மீட்டர் பாதை எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். நல்ல காப்பெட் ரோட்டில் ஓட்டத்தைப் பழக்கலாம், வளைவைப் பழக்க ஒரு வலைப்பந்துத் தரை போதும், சுற்றிவரக் கூம்பு வைத்து இடப்பக்க வளைவில் வலக்காலைக் குறுக்கே எடுத்து வைக்கிற பழக்கத்தை அங்கே கொண்டுவரலாம். கடற்கரைப் பக்கம் மணல்தான் எதிரி. கண்ணுக்குத் தெரியாத பொடி மணல் பெயாரிங்குக்குள் போனால் சக்கரம் கரகரக்கும், பிறகு இறுகும். ஓட முதல் ஒருவர் ஈர்க்குமாறால் பாதையைக் கூட்டட்டும், ஓடி முடிந்ததும் பெயாரிங்கைத் துணியால் துடைக்கட்டும். போனால் கவலைப்பட வேண்டாம், ஸ்கேட் சக்கரத்தில் இருப்பது பெரும்பாலும் 608 இலக்கப் பெயாரிங். மோட்டர் திருத்துகிற கடைகளில் கேட்டால் கிடைக்கிற சாமான் அது, ஸ்கேட்டுக்கென்று தனிப் பெயரில் வாங்கத் தேவையில்லை.

சப்பாத்து இல்லாத பிள்ளை கரையில் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அது எனக்கு மனதைக் குத்தியது. ஒரு சறுக்குப் பலகை செய்யுங்கள். ஆறடி நீளப் பலகையில் ஃபோமைக்கா ஒட்டி, இரண்டு முனையிலும் கட்டை அடித்து, மேஸ் போட்ட காலோடு ஒரு கட்டையில் உதைத்து மறு கட்டைக்குச் சறுக்க வேண்டும், முழங்கால் நன்றாக மடிந்து, முதுகு தாழ்ந்து, கை பின்னால். ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் பலம் பின்னால் உதைப்பதில் இல்லை, பக்கவாட்டில் தள்ளுவதில் இருக்கிறது, அதை இந்தப் பலகை சப்பாத்தே இல்லாமல் கற்றுத் தரும். ஒலிம்பிக்காரர்களே பயிற்சிக்கு வைத்திருக்கிற சாமான்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பிள்ளைகளை வரிசையாக ஓடப் பழக்குங்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்குவார், பின்னால் வருகிறவருக்கு இலேசு, பிறகு முறை மாற வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது. முதல் வகுப்பே எப்படி விழுவது என்பதாக இருக்கட்டும். கட்டாக்காலி மாடும் நாயும் குறுக்கே வராத ஒரு துண்டைத் தெரிவு செய்து, இரண்டு முனையிலும் கொடியோடு ஒரு பெரியவர் நிற்க வேண்டும். மழை ஈரம் இருந்தால் ஓட்டம் இல்லை, அதில் விட்டுக் கொடுக்க வேண்டாம்.

தம்பிக்கு: புட்போல் காசில் கை வைக்க வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம். ஆனால் இந்தப் பிள்ளைகள் புட்போலை விட்டு வந்தவர்கள் இல்லை. முன்பு வீட்டுக்குள் போனோடு இருந்தவர்கள். அவர்களைக் களத்துக்கு இழுத்த எந்த விளையாட்டும் எனக்கு நல்ல விளையாட்டுத்தான்.


காத்தான்குடி_உம்மா:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். சேர் எழுதினது நிறையப் பிரயோசனம். என் மகளுக்கும் இதில் ஆசை, வயது ஒன்பது. எங்களுக்கு உடுப்பு ஒரு விஷயம், முழுக்க மறைத்துத்தான் விடுவேன். அப்படி ஓடலாமா? ஹீரன்வேன் தம்பியிடம் ஒரு கேள்வி, அங்கே பெண்கள் ஆரம்பத்தில் இருந்தே ஓடினார்களா, அல்லது நம் பக்கம் மாதிரிப் பிந்தித்தான் வந்தார்களா?


கல்லாறு_டு_ஹீரன்வேன்:

ராத்தா, ஐஸ் ஸ்பீட் ஸ்கேட்டிங் உடுப்பே கழுத்தில் இருந்து கணுக்கால் வரை மறைத்து, தலைக்கும் தொப்பி சேர்த்துத் தைத்ததுதான். காற்று பிடிக்கக் கூடாது என்பதற்காக உலக வீராங்கனைகள் எல்லாரும் அப்படித்தான் ஓடுகிறார்கள். உங்கள் மகள் நீளக் கையும் நீளக் காற்சட்டையும் போட்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டி, மேலே ஹெல்மெட் போட்டால் ஓட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை, விழுந்தால் தோலும் உரியாது. துணி தொங்கிச் சக்கரத்தில் மாட்டக் கூடாது, அதை மட்டும் பாருங்கள்.

பெண்களைப் பற்றிக் கேட்டீர்கள். 1809 ஜனவரியில் லேயூவார்டன் நகரக் கால்வாயில் பெண்களுக்கென்றே ஸ்கேட்டிங் போட்டி நடந்தது. நிக்கொலாஸ் பவுர் என்ற ஓவியர் அதை வரைந்திருக்கிறார், அந்த ஓவியம் இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டு பெண்கள் பக்கத்துக்குப் பக்கம், கரை நிறைய சனம். ஆனால் ஒலிம்பிக் பிந்தித்தான் கண் திறந்தது. ஆண்கள் 1924இல் இருந்து ஓடினார்கள், பெண்களுக்குப் பதக்கம் 1960இல் இருந்துதான். ஊர் கொடுத்த இடத்தை உலகம் கொடுக்க ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.


செட்டிபாளையம்_சஸ்கட்டூன்:

கொஞ்சம் பிந்திவிட்டேன். நான் இருப்பது கனடாவின் சஸ்கட்டூனில். காசைப் பற்றி வாழைச்சேனைத் தம்பி கேட்டதற்கு என் பக்கத்தில் இருந்து ஒரு பதில்.

500 மீட்டரில் 1998இலும் 2002இலும் அடுத்தடுத்து ஒலிம்பிக் தங்கம் எடுத்த கட்ரியோனா லே மே டோன் இந்த ஊர்ப்பிள்ளை. அவர் வளர்ந்த கழகத்தின் பெயரிலேயே லயன்ஸ் இருக்கிறது, சஸ்கட்டூன் லயன்ஸ் ஸ்பீட் ஸ்கேட்டிங் கழகம். ஊரின் திறந்தவெளி ஓவலுக்கு, அதாவது ஸ்கேட் ஓடுகிற நீள்வட்டப் பாதைக்கு, வைத்திருப்பது கிளாரன்ஸ் டவுனி என்ற பயிற்றுநரின் பெயர். தங்கம் எடுத்தவரின் பெயரை வைக்காமல் பிள்ளைகளைப் பழக்கினவரின் பெயரை வைத்திருக்கிறார்கள், அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். லயன்ஸ் கழகம் மட்டக்களப்பிலும் இருக்கிறது, கல்முனையிலும் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள் அண்ணன்.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம் என்பதற்கு இன்னொரு கதை. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஷாம்பெய்ன் என்ற ஊர். அங்கே வளர்ந்த பொனி பிளேயர் என்ற பெண்பிள்ளைக்குப் பயிற்சிக்குப் பணம் வேண்டியிருந்தபோது அந்த ஊர்ப் பொலிஸார் கை கொடுத்தார்கள். ஷாம்பெய்ன் பொலிஸாருக்குப் பிடித்த வேகக்காரி என்று அச்சடித்த ஸ்டிக்கரைக் காரின் பின்னால் ஒட்டினார்கள். வேகமாக ஓடுகிறவனை மறித்து அபராதம் எழுதுகிற ஆட்கள் அவர்கள்! அந்தப் பிள்ளை 1988இல் இருந்து 1994 வரை மூன்று ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் எடுத்தது.

அப்புறம் சப்பாத்து. இங்கே பல கழகங்களில் பெற்றோர் சப்பாத்து வாங்குவதில்லை. கழகத்திடம் பல அளவில் சோடிகள் இருக்கும், சீசனுக்கு ஒரு சின்ன வாடகை, கால் வளர்ந்தால் திருப்பிக் கொடுத்து அடுத்த அளவை எடுப்பது, சிறிய சோடி அடுத்த பிள்ளைக்குப் போகும். ஆகவே ஆளுக்கொரு சோடி என்று யோசிக்காமல் கழகத்துக்கு இத்தனை சோடி என்று யோசியுங்கள், கணக்கே மாறிவிடும். பெற்றோரும் கரையில் சும்மா உட்காருவதில்லை. ஒருவர் நேரம் பிடிப்பார், ஒருவர் சுற்று எண்ணுவார், ஒருவர் வளைவில் இடம் மாறின குறிக்கட்டைகளைத் திரும்ப வைப்பார். பிள்ளை வளர்ந்து விளையாட்டை விட்ட பிறகும் நேரம் பிடிக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள்.


வாழைச்சேனைப்_பொடியன்:

சரி அண்ணன், சோடி கழகத்துடையது என்றால் அது வேறு கதை. என் மச்சான் தச்சு வேலை, அந்தச் சறுக்குப் பலகையை அவனிடம் சொல்லி இரண்டு செய்து தரலாம். ஒன்று கல்லடிக்கு, ஒன்று எங்கள் பக்கத்துக்கு.


டச்பார்_அப்பா:

இவ்வளவு பேர் இப்படி எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. மகளும் மற்றப் பிள்ளைகளும் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தார்கள். ஆனந்த்குமாரின் ஓட்டத்தைத் தேடிப் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வளைவில் அவர் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தி நிறுத்தி.

அடுத்த கடிதத்தை இடம் கேட்டு எழுதப் போவதில்லை. விடியற்காலையில் ஒரு மணித்தியாலம் ஒரு துண்டு வீதியைப் பாவிக்க அனுமதி என்று மட்டும் எழுதி, பிள்ளைகளின் நேரக் கொப்பியில் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து இணைக்கப் போகிறேன். அதைப் பார்த்தால் இது விளையாட்டா பொழுதுபோக்கா என்று யாரும் கேட்க மாட்டார்கள். லயன்ஸ் கழகத்தில் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவரோடும் பேசுகிறேன். இப்போது இருக்கிற சோடிகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கழகச் சோடியாக ஆக்கப் பெற்றோர் சம்மதித்துவிட்டார்கள், மகள்தான் முதலில் தன்னுடையதைக் கொண்டுபோய் வைத்தாள். காத்தான்குடி ராத்தா, உங்கள் மகளையும் கூட்டி வாருங்கள், என் மனைவியும் அங்கேதான் நிற்பாள். சேர், காரைதீவில் இருந்து ஒரு முறை வந்து அந்த விழுகிற வகுப்பை நீங்களே எடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

ஹீரன்வேன் தம்பி, அங்கே பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன இன்லைன் சோடி பழையதாகக் கிடைக்குமா? யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்துவிடலாம். எந்த அளவு என்று எப்படிச் சொல்வது?


கல்லாறு_டு_ஹீரன்வேன்:

கிடைக்கும் அண்ணன், இங்கே சீசன் முடிகிற நேரம் பழைய சோடிகளைக் கழகத்தில் விற்பார்கள், நான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். சப்பாத்து இலக்கம் வேண்டாம், அது கொம்பனிக்குக் கொம்பனி மாறும். ஒவ்வொரு பிள்ளையையும் வெள்ளைத் தாளில் நிற்க வைத்து, இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து, குதியில் இருந்து பெருவிரல் நுனி வரை மில்லிமீட்டரில் எழுதி அனுப்புங்கள். மேஸ் இல்லாமல் அளக்க வேண்டும், ஸ்பீட் பூட் காலோடு ஒட்டித்தான் இருக்கும். பின்னேரத்தில் அளந்தால் நல்லது, காலையில் கால் கொஞ்சம் சிறிதாக இருக்கும்.